மூன்றாவது விமானந்தாங்கி தேவையா?

நெய்தல்: நம் கடற்படைக்கு இன்னொரு விமானந்தாங்கிக் கப்பல் கட்ட வேண்டும் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் எனக்குக் கணக்கு உதைக்கிறது. 2022இல் சேர்ந்த விக்ராந்துக்கு ஏறத்தாழ 20,000 கோடி. அதற்காக 26 ரஃபேல் விமானங்கள் வாங்க 2025 ஏப்ரலில் போட்ட ஒப்பந்தம் சுமார் 63,000 கோடி. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்!

கலங்கரை: 20,000 கோடி உங்களுக்குச் சுண்டைக்காயா, நல்லது. ரஷ்யாவிடம் வாங்கிய இன்னொரு விமானந்தாங்கி விக்ரமாதித்யா கதை மறந்துவிட்டதா? 2004இல் 97 கோடி டாலர் என்றார்கள், 2013இல் கைக்கு வரும்போது 235 கோடி. நாமே கட்டினால் அந்தக் கூத்து இல்லை. அப்புறம், இரண்டு இருந்தால் ஒன்று பெரும்பாலும் பழுதுபார்க்கும் தளத்தில்தான் நிற்கும், இரண்டு கடலிலும் ஒவ்வொன்று வேண்டுமென்றால் மூன்று இருந்தே ஆக வேண்டும்.

நெய்தல்: எல்லாப் பணமும் இதற்கே போனால் நீர்மூழ்கி எங்கே? 30 வருடத்தில் 24 என்று 1999இல் திட்டம். 2005இல் ஆறு ஸ்கார்பீன் வகை நீர்மூழ்கிகளுக்குக் கையெழுத்து போட்டார்கள், ஆறாவது வாக்‌ஷீர் 2025 ஜனவரியில்தான் வந்தது. 1971இல் டையூ அருகே ஹங்கோர் என்ற ஒற்றை பாகிஸ்தான் நீர்மூழ்கி நம் போர்க்கப்பல் குக்ரியை மூழ்கடித்தது, 194 பேர் போனார்கள்.

கலங்கரை: அதே போரில் அதே பெயர் கொண்ட பழைய விமானந்தாங்கி விக்ராந்தின் விமானங்கள்தானே சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களை அடித்தன? அந்த விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி விசாகப்பட்டினம் பக்கத்திலேயே மூழ்கிப்போனது. நீர்மூழ்கியை வைத்து விமானம் பறக்கவிட முடியாது சார்.

குழாய்க்காரன்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கப்பல் கட்டும் தளம் ஒன்றில் பைப் ஃபிட்டராக இருந்தவன். வரைபடம் மாறிவிட்டது என்று ஒரே அறையில் ஒரே குழாயை மூன்று தடவை கழற்றி மாட்டினோம், மூன்றாவது தடவை அது பழைய இடத்துக்கே வந்தது. எதைக் கட்டினாலும் இடைவெளி விடாதீர்கள். மும்பையில் 1994இல் ஷங்குல் நீர்மூழ்கி முடிந்தபின் அடுத்த நீர்மூழ்கி ஆர்டருக்கு 2005 வரை காத்திருந்தார்கள். அந்த வெல்டர்கள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா?

நெய்தல்: அண்ணே, அப்போ நீங்கள் நம்ம கட்சி.

கலங்கரை: எப்படி? விக்ராந்த் முடிந்த கொச்சிக்கும் அதேதானே பொருந்தும்?

குழாய்க்காரன்: ரெண்டு பேர் கட்சியும் இல்லை. ஆர்டர் எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். தம்பி மகன் வெல்டிங் முடித்துவிட்டு துபாய் போக பாஸ்போர்ட்டுக்கு அலைகிறான்.