10 வயது மகளுக்கு ஐஸ் ஹொக்கி கோலி உடுப்பு: கிளப் தந்த பை போதுமோ?

மார்க்கம்_தாய்:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 10 வயது, உயரம் 137 செ.மீ., சப்பாத்து அளவு 3. முந்தி யூ9 (9 வயதுக்குக் கீழ்) வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் மாறி மாறி வலையில் நிண்டவை. இப்ப யூ11. தான்தான் கோலி (வலை காக்கிறவள்) எண்டு பிடிவாதமா நிக்கிறாள், கோச்சும் ஓம் எண்டிட்டார்.

கிளப் ஒரு பை தந்திருக்கு. அதுக்குள்ள கால் பாட்ஸ் (30 எண்டு எழுதியிருக்கு), ட்ராப்பர் (பக் எண்டுற ரப்பர் வட்டைப் பிடிக்கிற கிளவ்), பிளொக்கர் (ஸ்டிக் பிடிக்கிற கைக்குரிய கிளவ்), நெஞ்சுப் பாதுகாப்பு இவ்வளவும் இருக்கு. மிச்சம் நாங்கள் வாங்கவேணும். 700 டொலருக்கு மேல போக ஏலாது. என்ர கேள்விகள்:

பாட்ஸ் போட்டுப் பார்த்தால் தொடைப் பக்கம் கனக்க மேல வருது. வளருற பிள்ளை, இரண்டு வருசத்துக்குக் காணும் எண்டு மச்சான் சொல்றார். சரியோ? அவள் ஸ்டிக் அடிக்கிறது இடப்பக்கம், எழுதுறதும் பந்து எறியிறதும் வலக்கை. ஆன்லைனில் "ஃபுல் ரைட்" கிளவ் செட் ஒண்டு மலிவாக் கிடக்கு, அது இவளுக்குப் பொருந்துமோ? ஹெல்மெட், ஸ்கேட்ஸ் இப்ப இருக்கிறதே போதுமோ?

---

பழைய_கிரீஸ்:

தங்கச்சி, முதல் கேள்விக்கு மச்சான் சொன்னதைக் கேட்காதேங்கோ. உடுப்பில் ஒரு அளவு கூட எடுத்தால் பெரிசாப் பாதகம் இல்லை, ஆனால் கால் பாட்ஸில் அது விளையாட்டையே கெடுக்கும். பாட்ஸின் உள்பக்கத்தில் முழங்காலுக்கெண்டு ஒரு தடித்த மெத்தைக் கட்டை இருக்கும். பிள்ளை இரண்டு முழங்காலும் ஐஸில் படும்படி பட்டர்ஃப்ளை போகேக்க முழங்கால் அந்தக் கட்டையின் நடுவில இறங்கவேணும். பாட்ஸ் பெரிசெண்டால் முழங்கால் கட்டைக்குக் கீழ இறங்கும். அப்ப பாட் சரியாத் திரும்பாது, முகப்பு பக் வாற திசையைப் பார்க்காமல் மேல பார்க்கும். தொடைப் பக்க நுனிகள் இரண்டும் ஒண்டோடொண்டு முட்டும், எழும்புறதுக்கும் பக்கவாட்டில் தள்ளுறதுக்கும் பிள்ளை கஷ்டப்படும். முழங்காலும் இடுப்பும் நோகத் தொடங்கினால் பாட்ஸ் அளவைத்தான் முதலில பார்க்கவேணும்.

அளக்கிற முறை: ஸ்கேட்ஸ் போட்டு, கதிரையில் முழங்காலை 90 பாகையில் மடிச்சு இருக்கச் சொல்லுங்கோ. கணுக்காலின் முன்பக்க மடிப்பிலிருந்து முழங்கால் சில்லின் நடு வரைக்கும் அங்குலத்தில் அளவெடுங்கோ. அந்த எண்ணைக் கடைக்காரனிட்டக் குடுத்தால் அந்தந்தக் கம்பனியின்ர அட்டவணையில் பார்த்துச் சொல்லுவான். பாட்டில் எழுதியிருக்கிற 28, 30 மொத்த நீளம். ஒரு கம்பனியின்ர 28 மற்றக் கம்பனியின்ர 28ஐ விட நீளமா இருக்கலாம், அதால எண்ணை மட்டும் நம்பேலாது. 137 செ.மீ. பிள்ளைக்கு 30 பெரும்பாலும் பெரிசு. 27, 28இல தேடுங்கோ.

வீட்டிலையே பரிசோதிக்கலாம். கம்பளத்தில் பாட்ஸைக் கட்டி பட்டர்ஃப்ளை போகச் சொல்லுங்கோ. முழங்கால் கட்டையில் இருக்கோ, பாட்டின் உள்விளிம்பு தரையோட படியுதோ, முகப்பு நேர முன்னுக்குப் பார்க்குதோ எண்டு பாருங்கோ. நிமிர்ந்து நிக்கேக்க பாட் நுனி முழங்காலுக்கு மேல நாலைஞ்சு அங்குலம் வரலாம். அதுக்கு மேல போனால் கிளப் சாமான் பொறுப்பாளரிட்ட மாத்தித் தரச்சொல்லிக் கேளுங்கோ. சீசன் தொடங்க முதல் கேட்டால் மற்ற அணிகளின்ர பைகளுக்க கிடைக்கும்.

இன்னொண்டு: இடம் வலம் மாறிக் கட்டுறது அடிக்கடி நடக்குது. கொக்கிகள் எப்பவும் காலின் வெளிப்பக்கம், முழங்கால் கட்டை உள்பக்கம்.

---

சாம்பார்_ஆன்_ஐஸ்:

கிளவ் விஷயம் நான் சொல்றேன். அந்த ஃபுல் ரைட் செட்டை வாங்காதீங்க. அது வலது கையில் ட்ராப்பர் போடுறவங்களுக்கு. உங்க பொண்ணு வலது கையால எறியறா, அப்போ பந்தைப் பிடிக்கிற கை இடது. ஸ்டிக் இடப்பக்கம் அடிக்கிறதும் இதோட ஒத்துப்போகுது. ட்ராப்பர் இடது கை, பிளாக்கரும் ஸ்டிக்கும் வலது கை. கடையில் இதுக்குப் பேர் "ரெகுலர்". "லெஃப்ட் ஷாட்னா லெஃப்டி, அதனால கிளவ் வலது கைக்கு" என்று நிறைய பேர் குழம்பிடுறாங்க. குழப்பமே வேண்டாம், ஒரு டென்னிஸ் பந்தை எதிர்பாராமல் தூக்கிப் போடுங்க, எந்தக் கை முதலில் நீளுதோ அதுதான் ட்ராப்பர் கை. வலப்பக்கம் அடிச்சு வலது கையால எறியற பிள்ளைங்களுக்குத்தான் இது நிஜமான சிக்கல். அவங்க இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு பண்ணணும்.

கிளப் தந்த ட்ராப்பர் எந்தக் கைக்கு என்று இன்னைக்கே பாருங்க. அதைவிட முக்கியம், அது மூடுதா என்று பாருங்க. பத்து வயசுக் கை பெரியவங்க கிளவை மூடாது. பக் உள்ளே வந்து தட்டிட்டு வெளியே விழும். பிள்ளைக்குப் பிடிக்கத் தெரியலைன்னு திட்டு விழும், தப்பு கிளவில் இருக்கும். ஒரு கையால முழுசா மூடித் திறக்க முடியணும். கொஞ்சம்தான் விறைப்பு என்றால் உள்ளே ஒரு பந்தை வச்சு, பட்டியால இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்க. பகலில் டிவி பார்க்கும்போது கையில் மாட்டி மூடித் திறக்கட்டும். அடுப்பில் வைக்கிறது, வெந்நீரில் முக்குறது எல்லாம் வேண்டாம், பசையும் ஃபோமும் போயிடும்.

ஸ்டிக்: கோலி ஸ்டிக்கில் மொத்த நீளத்தைவிட அகலமான பகுதியின் நீளம், அதாவது பேடில் அளவுதான் கணக்கு. ஸ்கேட்ஸ் போட்டு, முழங்கால் மடக்கி ஸ்டான்ஸில் நிக்கச் சொல்லுங்க. பிளாக்கர் கை பேடில் முடியற இடத்தில் இருக்கணும், பிளேடு முழுசா தரையில் படணும். பேடில் நீளமா இருந்தால் பிளாக்கர் தோள் தூக்கிக்கும், பிளேடோட ஒரு முனை ஐஸை விட்டுக் கிளம்பும், அந்த இடுக்கில் பக் போயிடும். இந்த உயரத்துக்கு ஜூனியர் ஸ்டிக்கில் 20, 21 அங்குல பேடில்ல தொடங்கிப் பாருங்க. ஃபோம் உள்ள சாதா ஸ்டிக் போதும், காம்போசிட் (கார்பன் நார் ஸ்டிக்) இப்போ தேவையே இல்லை. மேல் நுனியில் டேப் சுத்தி நல்ல குமிழ் பண்ணுங்க, கீழே விழுந்த ஸ்டிக்கை அந்தப் பெரிய கிளவோட எடுக்க அது இல்லாமல் முடியாது.

---

பழைய_கிரீஸ்:

சாம்பார் சொன்னது சரி. இனிக் காசைப் பற்றிச் சொல்றன், 700ஐ எங்க போடவேணும் எண்டு.

முதல் மாஸ்க், அதாவது கோலிக்கெண்டே செய்த ஹெல்மெட். கோலி இல்லாத வீரர் போடுற ஹெல்மெட் யூ9இல் காணும், இனிக் காணாது. பெரும்பாலான கழகங்களில் சின்ன வகுப்புகளுக்கு 4 அவுன்ஸ் நீல பக், யூ11இலிருந்து 6 அவுன்ஸ் கறுப்பு பக். அதோட எதிரணிப் பிள்ளைகள் பக்கைப் பலமா அடிக்கவும் பழகியிருப்பினம். கோலி மாஸ்க் பக்கின் வேகத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிடுற மாதிரி வளைச்சுச் செய்தது. புதிசா வாங்குங்கோ, சிஎஸ்ஏ (கனடியத் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கவேணும். தொலைக்காட்சியில் பார்க்கிற அகலக் கண் "கேட் ஐ" (பூனைக்கண்) கம்பிகளில் கனக்கவுக்குச் சான்று இல்லை, ஏனெண்டால் ஸ்டிக் நுனி உள்ள போகக்கூடிய இடைவெளி அதில் இருக்கு. மைனர் (சிறுவர்) ஹொக்கியில் சான்றுள்ள கம்பிதான் வேணும். மாஸ்க்கை ஒருநாளும் பெரிசா எடுக்காதேங்கோ. நாடி கிண்ணத்தில் இருக்கவேணும், பின்தட்டு பிடரியில் படவேணும், பட்டியை இறுக்காமல் தலையை ஆட்டினாலும் மாஸ்க் தலையோட வரவேணும். ஓட்டை போடுறது, கம்பியை வளைக்கிறது, கண்ட பெயின்ற் அடிக்கிறது எல்லாம் சான்றைக் கெடுக்கும்.

கழுத்துக்கு பிஎன்கியூ (கியூபெக் தரச் சான்று) முத்திரை உள்ள கழுத்துப்பட்டி கட்டாயம், கோலிக்கும்தான். மாஸ்க்கில் தொங்குற பிளாஸ்டிக் தகடு அதுக்கு மேலதிகம். அது இருக்கெண்டு பட்டியைக் கழட்டேலாது. தகடு பக்கைத் தடுக்கும், பட்டி ஸ்கேட் பிளேட்டை. 1989இல் பஃபலோ சேபர்ஸ் அணிக் கோலி கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்தில் வெட்டினது பக் இல்லை, ஸ்கேட்.

அடுத்தது முழங்கால் காப்பு. கிளப் பையில் இது இல்லை எண்டு உங்கட பட்டியலே சொல்லுது, பெரும்பாலும் இருக்காது. பட்டர்ஃப்ளை போகேக்க பாட்டுக்கும் காற்சட்டைக்கும் நடுவில, தொடைக்குக் கீழ ஒரு கை அகலம் வெறுமையாத் தெரியும். பக் அதில பட்டால் பிள்ளை பிறகு பட்டர்ஃப்ளைக்கே பயப்படும். விலை பெரிசில்லை.

பிறகு கோலிக்கான ஜில் (பெண்பிள்ளையளின்ர அடிவயிற்றுக் காப்பு). சாதாரண விளையாட்டு வீரருக்கான ஜில் மெல்லிசு, கோலியின்ர தனி. மகன் எண்டால் இதே கதை ஜொக்குக்கு.

காற்சட்டை பழசு வாங்கலாம். கோலிக் காற்சட்டையில் உள்தொடையில் மெத்தை கூட, இடுப்பு அகலம். வீரர் காற்சட்டையில் உள்தொடை வெறுமை, அதால ஒரு சீசனுக்குக்கூட நான் சொல்லமாட்டன்.

நெஞ்சுப் பாதுகாப்பைப் போட்டு பட்டர்ஃப்ளையில் இருக்கச் சொல்லுங்கோ. மேல தள்ளி மாஸ்க்கின் நாடியில் முட்டினால் நீளம் கூட. கையை உயர்த்தேக்க வயிறு தெரிஞ்சால் நீளம் காணாது. காறை எலும்பு மூடியிருக்கவேணும், முழங்கை மெத்தைக்க முழங்கை இருக்கவேணும். இதில் கிளப் தாறது நைஞ்சு போயிருக்கும். நெஞ்சு நடுவில் பெருவிரலால அமத்துங்கோ, விரல் பிள்ளையின்ர நெஞ்சில முட்டினால் திருப்பிக் குடுங்கோ. ஸ்ட்ரீட் ஹொக்கி செட்டுகள் படத்தில் ஒரே மாதிரித் தெரியும், அரை விலை. அது பந்துக்குச் செய்தது, பக்குக்கு இல்லை.

---

கூர்_பட்டறை:

ஸ்கேட்ஸ் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால்.

வீரர் ஸ்கேட்டின் பிளேட் முன்னும் பின்னும் வளைந்திருக்கும், வட்ட ஆரம் 9 முதல் 11 அடி. கோலி பிளேட் கிட்டத்தட்ட தட்டை, 28, 30 அடி. கோலி ஸ்கேட் தாழ்வானது, கணுக்காலும் குட்டை. பக்கவாட்டில் தள்ளவும் அசையாமல் நிற்கவும் அதுதான் உதவி. விரல் பகுதி பக் அடியைத் தாங்கும் கடினக் கூடு. முழுநேரக் கோலி என்றால் மாற்றுவது நல்லது. அணியில் இன்னொரு கோலியோடு பகிர்ந்து, பாதி ஆட்டங்களில் வீரராகவும் ஓடுகிறாள் என்றால் இந்த சீசன் இருப்பதே போதும். பழையது வாங்கினாலும் பரவாயில்லை, பிளேட் உயரம் மிச்சம் இருக்கிறதா, கூட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அளவு: சப்பாத்து 3 என்றால் ஸ்கேட் 1.5 அல்லது 2 வரும். வளர்ச்சிக்கு அரை அளவுக்கு மேல் விடாதீர்கள், குதிகால் உள்ளே எழும்பினால் தள்ளு வராது.

புது ஸ்கேட் கூர் இல்லாமல்தான் வரும், கூர் தீட்டாமல் ஐஸுக்கு அனுப்ப வேண்டாம். கோலி ஸ்கேட் என்று கடையில் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வீரர் வளைவுக்குத் தேய்த்துவிடுவார்கள், தட்டை போய்விடும். பிளேட்டின் அடியில் தீட்டும் குழிவின் ஆரத்தை இந்த எடைக்கு 1/2 அங்குலத்தில் ஆரம்பியுங்கள். தள்ளும்போது வழுக்கினால் 3/8, பக்கவாட்டில் நகரும்போது பிளேட் ஐஸில் கடித்து நின்றால் 5/8.

---

மார்க்கம்_தாய்:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். ட்ராப்பர் இடக்கைக்குத்தான், மூடுது. பாட்ஸ் மாத்தித் தாறம் எண்டு கிளப்பில் சொல்லியிருக்கினம், 28 வருமாம். பட்டிகளை எவ்வளவு இறுக்கவேணும்? போன முறை எல்லாத்தையும் வலிச்சு இறுக்கிக் கட்டினம், அவள் முழங்கால் நோகுது எண்டவள்.

---

பழைய_கிரீஸ்:

எல்லாத்தையும் இறுக்கினதுதான் காரணம். காலைச் சுத்தி பாட் திரும்பவேணும், இறுக்கினால் பாட்டுக்குப் பதிலா முழங்கால் திரும்பும்.

முன்நுனிக் கயிறு (பாட்டை ஸ்கேட்டோட கட்டுறது): ஸ்கேட் நுனிக்கும் பாட் நுனிக்கும் நடுவில ஒண்டு, ஒண்டரை அங்குலம் விடுங்கோ. சப்பாத்து லேஸ் மாதிரிக் கயிறு எண்டால் எலாஸ்டிக்குக்கு மாத்துங்கோ, பிள்ளையளுக்கு அதுதான் சுகம். கணுக்கால் பட்டி நல்லாத் தளர்வு, இரண்டு விரல் உள்ள போகவேணும். கெண்டைக்கால் பட்டி நடுத்தரம். முழங்கால் எலாஸ்டிக் மட்டும் ஓரளவு இறுக்கம், ஏனெண்டால் முழங்காலைக் கட்டையோட வைச்சிருக்கிறது அதுதான். தொடைப் பக்கம் மேல்பட்டி இருந்தால் தொங்க விடுங்கோ, கனபேர் கழட்டியே விடுவினம்.

போடுற ஒழுங்கு: ஜில், சொக்ஸ், முழங்கால் காப்பு, காற்சட்டை, ஸ்கேட்ஸ், பாட்ஸ், கழுத்துப்பட்டி, நெஞ்சு, ஜேர்சி, மாஸ்க், கடைசியா கிளவ். நெஞ்சுப் பாதுகாப்பைப் போட்ட பிறகு பாட்ஸ் கட்டக் குனியேலாது. தொடக்கத்தில் அரை மணித்தியாலம் வையுங்கோ.

---

கூர்_பட்டறை:

பையில் ஒரு திருகாணி முடுக்கி, மாஸ்க் கம்பிக்கு உபரிக் கிளிப்பும் திருகாணியும், ஒரு உபரி முன்நுனிக் கயிறு வைத்திருங்கள். மாஸ்க் திருகாணிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் தளரும், மாதம் ஒருமுறை முடுக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பையை விட்டு எடுத்துத் தொங்கவிடுங்கள், மின்விசிறி போதும். ஹீட்டருக்கு மேல் வைத்தால் கிளவின் உள்ளங்கைத் தோல் காய்ந்து வெடிக்கும், கார் டிக்கியில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். கிளப் பையென்றால் முதல் வேலையாக உள்ளங்கைத் தோலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒட்டுப்போடக் கொடுத்துவிடுங்கள், சீசன் நடுவில் எந்தக் கடையிலும் வரிசை நீளம்.