பிசி 547 டிரான்சிஸ்டர் ஏன் சிக்னலைப் பெருக்க மறுக்கிறது?

வணக்கம் நண்பர்களே. பதினைந்து ஆண்டுகள் வீட்டு வயரிங் வேலை பார்த்தவன், இப்போது மாலை வேளையில் சமுதாயக் கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறேன். டையோடு வரை தொல்லையில்லை. டிரான்சிஸ்டரில் மாட்டிக்கொண்டேன்.

பிசி 547 வைத்து, பிரெட்போர்டில் பொது எமிட்டர் பெருக்கி கட்டினேன். சப்ளை 12 வோல்ட். பேஸுக்கு 47 கிலோ ஓம், 10 கிலோ ஓம், கலெக்டரில் 2.2 கிலோ ஓம். எமிட்டரில் 680 ஓம், அதற்கு இணையாக 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. மீட்டரில் பேஸ் 2 வோல்ட், எமிட்டர் 1.35, கலெக்டர் 7.6. கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் 1 கிலோஹெர்ட்ஸில் 10 மில்லிவோல்ட் கொடுத்தால் 30தான் வருகிறது! நூற்றைம்பது மடங்காவது வர வேண்டாமா? மின்தேக்கியைப் பிடுங்கினாலும் அதே 30. அது பழைய ரேடியோவிலிருந்து கழற்றியது, கால்களும் குட்டை. சந்தேகம் அதன்மேல்தான். கையில் சாதாரண மல்டிமீட்டர் மட்டுமே இருக்கிறது. மின்தேக்கி செத்துவிட்டதா, பிரெட்போர்டின் துளை தளர்ந்துவிட்டதா என்று எப்படிப் பிரித்தறிவது?

இன்னொன்று. பஸ்ஸில் முன்னால் காலியான இருக்கைக்குப் பின்னால் இருப்பவர் நகர, காலியிடம் பின்னே போவதுபோல்தான் மின்துளை என்றார் ஆசிரியர். அது புரிந்தது. ஆனால் பின்னோக்குச் சார்பில் (அதாவது மின்னழுத்தம் தலைகீழாகக் கொடுக்கப்பட்ட நிலையில்) இருக்கும் கலெக்டர் சந்தியை எலக்ட்ரான்கள் தடையின்றிக் கடப்பது எப்படி? டையோடு பாடத்தில் அதே சந்தி மின்னோட்டத்தைத் தடுக்கும் என்றல்லவா படித்தோம்?

தமிழில் விளக்கினால் பெரிய உதவி. வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு.