மருந்துப் பெயர்ப் பிரிப்பு: ஒலியசையும் வகையுறுப்பும்

அனைவருக்கும் வணக்கம்.

நீண்ட மருந்துப் பெயர்களைப் பிரித்துக் காட்ட ‘அசைபிரிப்பு’ என்ற ஒரு சொல் போதும் என்றார் நண்பர். போதாது. வாய்க்காகப் பிரிப்பது வேறு, பொருளுக்காகப் பிரிப்பது வேறு. இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுவதில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டூஸுமாப் மருந்தையே பாருங்கள். பலுக்கும்போது, அதாவது உச்சரிக்கும்போது, டிராஸ்–டூஸ்–உ–மாப். அழுத்தம் இரண்டாம் அசையில். தமிழ் வாசகர் அழுத்தத்தை நெடிலில்தான் உணர்வார். ஆகவே ‘டூ’ என்றே எழுத வேண்டும். அடுத்து வரும் இசட் ஒலிக்குச் சரியான எழுத்து நம்மிடம் இல்லை. ‘ஸு’ என்று நிறுத்திக்கொள்வோம். சு, ஜு, ஸு மூன்றும் ஒரே ஆவணத்தில் கலந்தால் தேடும்போது பாதி அகப்படாது.

பொருளுக்குப் பிரித்தால் டிராஸ்+டூ+ஸு+மாப். ‘டிராஸ்’ பெயரைத் தனிப்படுத்த வைத்த முன்பகுதி. ‘டூ’ புற்றுக்கட்டியை இலக்காகக் கொண்டது, ‘ஸு’ மனிதப் புரதத்துக்கு நெருக்கமாக மாற்றியமைத்தது, ‘மாப்’ மோனோகுளோனல் எதிர்ப்பொருள் (ஒரே வகைச் செல்லிலிருந்து பெருக்கிய நோயெதிர்ப்புப் புரதம்). வாயில் ‘டூ’வோடு ஒட்டிய ஸ், பொருளில் அடுத்த உறுப்புக்குச் சொந்தம்.

ஆகவே என் பரிந்துரை: பலுக்கலுக்கு ‘ஒலியசைப் பிரிப்பு’, பொருளுக்கு ‘உறுப்புப் பிரிப்பு’. வெறும் ‘அசை’ என்றால் யாப்பிலக்கணத்தின் நேரசையும் நிரையசையும் குறுக்கே வரும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலில் ‘ஒமிப்’ யாப்புக்கு ஒரே நிரையசை, பலுக்கலில் இரண்டு.

மாப், ப்ரசோல் போல மருந்தின் வகையைச் சொல்லும் துண்டுக்கு ‘வகையுறுப்பு’ எனலாம்; பகுபத உறுப்பு நமக்குப் பழகியதுதானே. ‘விகுதி’ பொருந்தாது: செஃபிக்ஸிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியில் வகையைச் சொல்லும் ‘செஃப்’ முன்னால் நிற்கிறது. ‘இனவசை’ (இனம்+அசை) வேண்டவே வேண்டாம். இனத்தைத் திட்டுவது என்றே படிப்பார்கள்.

மருந்துப் பெயர் அகராதியில் ஆண்டையும் குறிக்க வேண்டும். 2017இல் உலக சுகாதார நிறுவனம் புதுப் பெயர்களில் ‘ஸு’ போன்ற, எதிர்ப்பொருளின் மூலத்தைச் சொல்லும் உறுப்புகளைக் கைவிட்டது. 2021இல் புதுப் பெயர்களில் ‘மாப்’ போய், டக், பார்ட், மிக், மென்ட் என நான்கு வந்தன. பழைய பெயர்கள் அப்படியே நீடிக்கின்றன.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டிராஸ்டூஸுமாப் எம்டான்சின் வேறு மருந்து; டிராஸ்டூஸுமாப்போடு செல்லைக் கொல்லும் வேதிப்பொருளை இணைத்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 3.6 மி.கி.; தனி டிராஸ்டூஸுமாப்போ முதல் தவணைக்குப் பின் 6 மி.கி. இரண்டாம் சொல் விடுபட்டால் அளவு மீறும். அமெரிக்காவில் 2013இல் இந்த இணைப்பு மருந்தின் பெயருக்கு முன்னால் ‘அடோ’ சேர்த்தது இதற்காகத்தான். எனவே எந்தப் பிரிப்பிலும் ‘எம்டான்சின்’ அதே வரியில் நிற்கட்டும். அடுத்த வரிக்கு உடையக் கூடாது.