ரேந்தை பின்னுபவருக்கே ரேந்தையைப் பரிசளிக்கலாமா?

கேள்வி (தக்கலை):
எனக்குத் தலையணை வைத்து ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுத்தந்த சித்தி, முளகுமூட்டில் கட்டியிருக்கும் புது வீட்டுக்குத் தை மாதம் பால் காய்ச்சுகிறார். அதற்காக நான்கு மாதமாக ஒரு மேசை விரிப்புக்கு ஓரம் பின்னி வருகிறேன். ‘கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறாயா? குத்துவிளக்கு வாங்கிக் கொடு’ என்கிறார் அம்மா. மூலை திருப்பிய இடத்தில் நூல் தளர்ந்திருப்பது சித்தியின் கண்ணில் உடனே பட்டுவிடும் என்ற தயக்கமும் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில் (நெய்யூர்):
தாராளமாகக் கொடுங்கள். முப்பது ஆண்டுகளாகப் பின்னுகிறேன். எனக்கு ரேந்தை கொடுத்தவர் ஒரே ஒருவர்தான், மற்றவர்கள் உங்கள் அம்மா சொன்ன காரணத்தையே சொல்லி எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தார்கள். ஒரு முழ ஓரத்துக்கு எத்தனை இரவு விழித்திருக்க வேண்டும் என்பது பின்னுகிறவருக்குத்தான் தெரியும். என் மாணவி தந்த கைக்குட்டையில் ஓரிடத்தில் ஒரு ஜோடி நூல் தவறிக் கடந்திருக்கிறது; அதைக் காணும்போதெல்லாம், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றிப் போடும் முகம் நினைவுக்கு வருகிறது. தளர்ந்த மூலையை ஈரமாக்கி, தலையணையில் ஊசி குத்திக் காயவிடுங்கள், ஓரளவு சீராகும். பித்தளைக் குண்டூசியே வேண்டும், நம் கடற்காற்றில் இரும்பு ஊசி துருவேறி வெள்ளை நூலில் கறை விட்டுவிடும்.

பதில் (நாகர்கோவில்):
1820களில் ஆங்கிலேய மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் இங்கே சிறுமிகளுக்கு ரேந்தை கற்பிக்கத் தொடங்கியது முதல், நம் பெண்கள் பின்னியது பெரும்பாலும் விற்பனைக்குத்தான். என் பாட்டி வாழ்நாளெல்லாம் பின்னினார். அவர் இறந்தபின் வீட்டில் தேடியபோது ஒரு சாண் துண்டுகூட அகப்படவில்லை. அதனால் உங்கள் அம்மா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் விரிப்பின் அளவு புது மேசைக்குப் பொருந்துமா என்று முதலில் விசாரியுங்கள். கூடவே இருபது ஜோடிக் கட்டைகளில் நூல் சுற்றிக் கொடுங்கள். எனக்குத் தெரிந்து அந்த வேலையை விரும்பிச் செய்பவர் யாருமில்லை. சித்தி எந்தப் பக்கமாகச் சுற்றுவாரோ அந்தப் பக்கமாகவே சுற்ற வேண்டும், இல்லையென்றால் அவர் கைக்கு ஒத்துவராது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மேசையின் அளவைச் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டேன், விரிப்பு பொருந்துகிறது. சுற்றக் கற்றுக்கொடுத்தவரே சித்தி என்பதால் என் கையும் அவர் பக்கமாகவே சுற்றும். இன்றிரவு முதல் ஜோடியைத் தொடங்குகிறேன்.