புரோக்கோலியின் சல்ஃபோராபேன் உடல் பருமனைக் குறைக்குமா?

கேள்வி:
புரோக்கோலியிலிருந்து கிடைக்கும் சல்ஃபோராபேன் என்னும் சேர்மம் கொழுப்பைக் கரைக்கும் என்று கூறி மாத்திரைகள் விற்கப்படுகின்றன. இதற்கு ஆய்வுச் சான்று உண்டா? புரோக்கோலியை வேகவைத்து உண்டாலும் அதே பயன் கிடைக்குமா?

மறுமொழி 1:
சான்று உண்டு, ஆனால் பெரும்பாலும் எலிகளில்தான். ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த தீவனத்துடன் சல்ஃபோராபேனின் மூலப்பொருளான குளுக்கோராபனினையும் உண்ட சுண்டெலிகளுக்கு எடை கூடுவது ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. அவற்றின் உடல் கூடுதல் ஆற்றலைச் செலவிட்டதோடு, கல்லீரலில் கொழுப்பு படிவதும் குறைந்தது. என்ஆர்எஃப்2 என்னும் புரதம் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் இப்பயன் தோன்றவில்லை; அதாவது, இப்பயனுக்கு அப்புரதம் தேவை. இதுவே அந்த ஆய்வின் முக்கியமான பகுதி என்பேன்.

மறுமொழி 2:
சமையலைப் பொறுத்தவரை, காயை நறுக்கும்போது வெளிப்படும் மைரோசினேஸ் என்னும் நொதிதான் குளுக்கோராபனினைச் சல்ஃபோராபேனாக மாற்றுகிறது. நெடுநேரம் கொதிக்கவைத்தால் அந்நொதி அழிந்துவிடும். ஆகவே நறுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு இலேசாக ஆவியில் வேகவைப்பது நல்லது. வெந்த காயில் பச்சைக் கடுகுப் பொடியைத் தூவினாலும் அந்த நொதி கிடைக்கும். (தாளித்த கடுகு இதற்கு உதவாது.)

மறுமொழி 3:
மனிதர்களிடம் நடந்தவற்றில், 2017இல் வெளியான சுவீடன் ஆய்வு குறிப்பிடத்தக்கது. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 97 பேர் பங்கேற்ற அதில், புரோக்கோலி முளைச்சாற்றை 12 வாரங்கள் உட்கொண்டவர்களுள், உடல் பருமனும் கட்டுக்குள் வராத நீரிழிவும் உடையவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. சர்க்கரைக்கான அம்முடிவை எடைக்குறைப்பு மாத்திரைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.