ஜிப்ரெலின் கொடுத்தும் மக்காச்சோளக் குட்டைச் செடி நீளவில்லை. உதவி தேவை

பச்சைக்குருத்து
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டப்பணிக்காகக் குட்டை மக்காச்சோளம் வளர்க்கிறேன். ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்தால் உயரமாகிவிடும் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கொடுத்தேன், மறுபடியும் கொடுத்தேன். செடி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மருந்து கெட்டுவிட்டதா? அளவைக் கூட்டட்டுமா? சீக்கிரம் அறிக்கை எழுதியாக வேண்டும்.

விதைப்பெட்டி
எந்த ஜிப்ரெலின், எவ்வளவு, எதில் கரைத்தீர்கள், செடிக்கு அப்போது எத்தனை இலை? ஒன்றுமே சொல்லவில்லையே. எனக்குக் கரைசல் மேல்தான் சந்தேகம். ஜிஏ3 என்ற ஜிப்ரெலின் வகை தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் கொஞ்சம் எத்தனாலில் கரைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீரில் கலந்து நாள்கணக்கில் வைத்திருந்தாலும் வீரியம் குறையும்.

கணுவிடை
கரைசலை விடுங்கள். இது ஆக்சின் என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோனின் கோளாறாக இருக்கும் என்று நினைக்கிறேன். பிஆர்2 என்ற மரபணு பழுதானால் தண்டில் ஆக்சின் கீழிறங்குவது தடைபடும், அடிக்கணுவிடைகள் (தண்டின் அடியில் கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) சுருங்கிவிடும். அந்தச் செடிக்கு எவ்வளவு ஜிப்ரெலின் ஊற்றினாலும் பயனில்லை. சோளத்தில் டிடபிள்யூ3 என்று சொல்வதும் இதே மரபணுவின் இணைதான். 2003-ல் இரண்டையும் சேர்த்தே கண்டுபிடித்தார்கள்.

பழையவேர்
தம்பி, "எல்லாப் புத்தகத்திலும்" இருப்பது ஒரு வகைக் குட்டைக்கு மட்டும் பொருந்தும். அதைப் படிக்காமல் மருந்தை எடுத்தால் இப்படித்தான் ஆகும். தாவரவியலாளர் பெர்னார்ட் ஃபின்னி 1956-லேயே மக்காச்சோளத்தின் பல குட்டை மியூட்டன்ட்களில் (மரபணு மாறிய செடிகளில்) ஜிப்ரெலினைச் சோதித்துவிட்டார். சில நன்றாக நீண்டன, சில அசையவே இல்லை. டி1, டி3, டி5, ஏஎன்1 என்று பெயரிட்ட மியூட்டன்ட்கள் எல்லாம் நீளும் கூட்டம். ஜிப்ரெலின் தயாராகும் பாதையில் ஆளுக்கொரு நொதி பழுது. ஏஎன்1-உம் டி5-உம் தொடக்கப் படிகளில், டி3 நடுவில், டி1 கடைசியில். குறைகிற பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் செடி எழுந்துவிடும். உங்களிடம் இருப்பது எது என்று சொல்லாதவரை இங்கே யாராலும் உதவ முடியாது.

மூன்றாம்இலை
கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம், அவர் படிக்கிற பிள்ளை போலிருக்கிறது. பச்சைக்குருத்து, மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். விதை எங்கிருந்து வந்தது, ஒரே கதிரின் விதையா? முளைத்ததில் எவ்வளவு குட்டை, எவ்வளவு உயரம்? குட்டையின் இலை எப்படி இருக்கிறது? இலையும் குட்டையாக, அகலமாக, கரும்பச்சையாக இருந்தால் ஜிப்ரெலின் பக்கம் தேடலாம். இலை வழக்கமான நீளத்தில் இருந்து தண்டு மட்டும் குறுகியிருந்தால் கணுவிடை சொல்வதற்கு வாய்ப்பு உண்டு.

பச்சைக்குருத்து
மன்னிக்கவும், எல்லாக் குட்டையும் ஒன்றுதான் என்று நினைத்து விட்டுவிட்டேன். விதை ஆசிரியர் கொடுத்தது. பொட்டலத்தில் "குட்டை, தன்மகரந்தம், ஒரே கதிர்" என்று மட்டும் எழுதியிருந்தது. முளைத்ததில் முக்கால்வாசி குட்டை, மீதி உயரம். குட்டையில் இலை அகலம், நல்ல கரும்பச்சை. ஜிஏ3-ஐ எத்தனாலில் கரைத்து 100 மைக்ரோமோலாராக்கி, நாற்றில் குருத்துக்குள் சொட்டுச்சொட்டாக விட்டேன்.

மூன்றாம்இலை
அந்த "முக்கால்வாசி"தான் முக்கியமான தகவல். டி1, டி5 எல்லாம் ஒடுங்கு மரபணுக்கள், இரண்டு பிரதியும் பழுதானால்தான் குட்டை. தன்மகரந்தக் கதிரில் அவற்றால் கால்வாசி விதைதான் குட்டையாகும். முக்கால்வாசி குட்டை என்றால் குட்டைத்தன்மையே ஓங்கி நிற்கிறது, ஒரு பிரதி மாறினாலே போதும். ஓங்கு குட்டை, அகன்ற கரும்பச்சை இலை, ஜிப்ரெலினுக்கு அசைவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் டி8 என்ற மரபணு மாறியது என்றுதான் தோன்றுகிறது, அல்லது அதன் இரட்டையான டி9.

டி8 உருவாக்குவது டெல்லா வகைப் புரதம். அதுதான் வளர்ச்சிக்கு பிரேக். வழக்கமாக ஜிப்ரெலின் வந்தால் அதை உணரும் புரதமான ஏற்பி டெல்லாவைப் பிடிக்கும், செல் அதைச் சிதைத்துவிடும், தண்டு நீளும். மியூட்டன்டில் டெல்லாவின் முன்முனை மாறியிருப்பதால் ஏற்பிக்குப் பிடி கிடைப்பதில்லை. பிரேக் இறுகியபடியே நிற்கும். 1988-ல் அளந்து பார்த்தபோது டி8 செடிகளில் ஜிப்ரெலின் தேங்கிக் கிடந்தது தெரிந்தது. செடியிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும்போது நீங்கள் அளவைக் கூட்டி என்ன பயன்? பசுமைப் புரட்சிக் கோதுமையைக் குட்டையாக்கியதும் இதே வகை மரபணுதான். 1999-ல் அந்த உறவு வெளிவந்தது.

விதைப்பெட்டி
சரி, இருந்தாலும் கரைசல் வேலை செய்கிறதா என்று நிரூபிக்க வேண்டாமா? உயரமான உடன்பிறப்புச் செடிகளுக்கும் அதையே விட்டுப் பாருங்கள். நீண்டால் கரைசல் நல்லது.

பழையவேர்
அது நல்ல சோதனை ஆகாது. இயல்பான மக்காச்சோளம் ஜிப்ரெலினுக்குப் பெரிதாக அசைவதில்லை என்பதை ஃபின்னியே பார்த்திருக்கிறார். அவை நீளாவிட்டால் கரைசல்மேல் வீண் பழி விழும். டி1 அல்லது டி5 விதை கிடைத்தால் அதில் பாருங்கள். கிடைக்காவிட்டால் உயரச் செடிகளுக்கு வேரில் பாக்லோபியூட்ரசால் கொடுங்கள். அது ஜிப்ரெலின் தயாரிப்பைத் தடுத்து அவற்றைக் குட்டையாக்கும். பிறகு உங்கள் ஜிஏ3-ஐ விடுங்கள். அவை எழுந்து, உங்கள் குட்டைகள் எழாமல் நின்றால் அறிக்கைக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது.

மூன்றாம்இலை
அருமையான வழி. இன்னொன்று, பூத்த செடி இருந்தால் கதிரின் உறையை உரித்துப் பாருங்கள். ஜிப்ரெலின் குறைந்தாலும் வேலை செய்யாவிட்டாலும் கதிருக்குள் மகரந்தப்பைகள் தங்கிவிடும். இயல்பான கதிரில் அவை சிறிதாக இருக்கும்போதே நின்றுவிடும்.

கணுவிடை
இது தலைகீழாக இருக்கிறதே! ஜிப்ரெலின் ஆண் பூவைத் தூண்டும் பொருள். வெள்ளரியில் ஜிப்ரெலின் கொடுத்தால் ஆண் பூ கூடும், எத்திலீன் கொடுத்தால் பெண் பூ கூடும். ஜிப்ரெலின் குறைந்த செடியில் ஆண் உறுப்பு எப்படி வரும்?

மூன்றாம்இலை
வெள்ளரிக்கு அது சரிதான். மக்காச்சோளத்தில் கதிருக்குள் மகரந்தத்தாள் வளராமல் அடக்குவதே ஜிப்ரெலின்தான். செடி உச்சியிலுள்ள ஆண் மஞ்சரியில் (ஆண் பூங்கொத்தில்) ஜிப்ரெலின் விட்டால் அங்கே பெண் பூக்கள் தோன்றும்.

கணுவிடை
அப்படியென்றால் ஆண் மஞ்சரியில் சூலகத்தை அழிப்பது யார்?

பழையவேர்
ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன். அதை உருவாக்கும் நொதிக்கான மரபணுதான் டிஎஸ்1 என்று 2009-ல் தெரிந்தது. அது பழுதானால் மஞ்சரியில் பெண் பூவின் பட்டுநூல் வந்து விதையும் பிடிக்கும். ஒரு பயிரில் படித்ததை அப்படியே இன்னொன்றில் ஒட்டுவதை முதலில் விடுங்கள்.

கணுவிடை
கேள்வி கேட்பதே தப்பு என்றால் எதற்கு இந்த இடம்? ஒரே ஹார்மோன் இரண்டு செடியில் எதிரெதிராக வேலை செய்வது யாருக்குமே வியப்பாகத்தான் இருக்கும்.

விதைப்பெட்டி
இரண்டு பேரும் போதும், கேட்டவர் காத்திருக்கிறார்.

பச்சைக்குருத்து
இதே பொட்டலத்தில் முன்பே விதைத்த செடிகள் கதிர் விட்டிருந்தன. உறையை உரித்தேன். சின்னச் சூலகங்களை ஒட்டி, பட்டுநூல்களுக்கு நடுவே மஞ்சள் நிற மகரந்தப்பைகள், ஒரு பூவுக்கு மூன்று. உயரச் செடியின் கதிரில் ஒன்றுகூட இல்லை. பாக்லோபியூட்ரசால் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

மூன்றாம்இலை
கதிரில் மகரந்தப்பை தங்கியிருப்பதால் இது ஜிப்ரெலின் பக்கக் கோளாறுதான், பிஆர்2 இல்லை. டி8-ஆ டி9-ஆ என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டி8 முதல் குரோமோசோமில், டி9 ஐந்தாவதில். மரபுக்குறி (டிஎன்ஏ அடையாளம்) பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அறிக்கையில் "டெல்லா வகை ஓங்கு குட்டை" என்று எழுதினால் போதும்.

பழையவேர்
பாக்லோபியூட்ரசால் கொடுத்த செடிகள் எழுந்தனவா? படத்தைப் போடுங்கள்.

நாற்றங்கால்
இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். என் குட்டைகளும் ஜிப்ரெலினுக்கு நீளவில்லை, ஆனால் கால்வாசிதான் குட்டை. ஆண் மஞ்சரியில் பட்டுநூல் வந்திருக்கிறது. இதுவும் டி8-ஆ?

மூன்றாம்இலை
இல்லை, இது வேறு கதை. ஒடுங்கு குட்டை, மஞ்சரியில் பெண் பூ என்றால் பிராசினோஸ்டீராய்டு பக்கம் பாருங்கள். என்ஏ1 மரபணு அந்த ஹார்மோனின் தயாரிப்புப் பாதையில் வருகிறது, 2011-ல் அடையாளம் கண்டார்கள். புது இழை தொடங்கி விதை எங்கிருந்து வந்தது, இலை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், அங்கே பேசலாம்.