லொபோத்தன் கரையில் ஒரு மார்ச் மாதம்

அன்புள்ள மயிலிட்டி உறவுகளுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தின் வடகரை மீனவ ஊரான நம் மயிலிட்டியிலிருந்து நோர்வேக்கு வந்தவர்களில் பலருக்கு இந்நாட்டில் கிடைத்த முதல் வேலை மீன் தொழிற்சாலையில்தான். 1980களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் வடக்கே பின்மார்க் மாகாணத்தின் சிறு துறைமுகங்களில், போட்ஸ்பியோர்ட், வார்டோ போன்ற இடங்களில், மீனைத் துண்டுபோட்டு முள் நீக்கும் வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அப்பாவும் சில குளிர்காலங்களை அங்கே கழித்தார். கடலில் தொழில் செய்து பழகிய ஒருவர், பட்டியில் நகர்ந்து வரும் மீனை நாள் முழுவதும் நின்று வெட்டினாரே தவிர, அந்த மீன் எந்தக் கடலில், எந்த வலையில், யாருடைய படகில் பட்டது என்பதை ஒருநாளும் கண்டதில்லை. அவர் காணாததைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. இந்த மார்ச் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு வட நோர்வேயின் லொபோத்தன் தீவுகளுக்குப் போய்வந்தோம்.

பூடோவிலிருந்து மொஸ்கெனெஸ் துறைக்குப் போகும் கப்பலில் சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் பனிமலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மலைகளைப் பார்க்கவில்லை. பறவைகள் எங்கே கூடித் தாழ்கின்றன என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் சிறு படகுகள் நிற்பதைக் கண்டதும், "அங்கேதான் மீன் நிற்குது" என்றார். பார்த்தது சரி. குளிர்காலத்தில் பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிடுவதற்காகத் தெற்கே வரும் கொட் (cod) மீன், ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெஸ்ட்பியோர்ட் என்ற இந்தக் கடற்பரப்பில்தான் திரள்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தாலும் அட்லாந்திக்கின் வெப்ப நீரோட்டம் இங்கே எட்டுவதால் கடல் உறைவதில்லை. அதனால்தான் நூற்றாண்டுகளாக நடுக் குளிர்காலத்திலும் இங்கே தொழில் நடக்கிறது.

கரைக்கு வந்ததும் நாங்கள் அதிக நேரம் நின்ற இடம், மீன் காயவிடும் மரப்பந்தல்கள். தலையும் குடலும் நீக்கிய மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டிக் கம்புகளில் தொங்கவிடுகிறார்கள். உப்பே போடுவதில்லை. பூச்சியத்துக்குச் சற்று மேலும் கீழுமாக நிற்கும் குளிரும், ஓயாத கடற்காற்றும் மூன்று மாத அளவில் மீனின் நீரை இழுத்து, எடையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக்கிவிடுகின்றன. குளிர் கூடினால் சதை உறைந்து பழுதாகும். குறைந்தால் இலையான் மொய்க்கும். நம் ஊரில் வயிற்றைக் கீறி, உப்பிட்டு, கிடுகில் பரப்பிச் சில நாள் வெயிலில் காயவைத்து, மழை இருட்டினால் ஓடி ஓடி அள்ளும் கருவாட்டுக்கு இருக்கும் அதே பதற்றம் இங்கேயும் உண்டு. பயப்படும் திசை மட்டுமே வேறு. அம்மா ஒரு மீனை அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு அங்கே வேலை செய்த பெண்ணிடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, மழை பெய்தால் என்ன செய்வீர்கள், பறவை கொத்தாதா, தலையை எறிந்துவிடுவீர்களா என்று வரிசையாகக் கேட்டார். தலையைத் தனியே கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றும், முதல் தர மீன் பெரும்பாலும் இத்தாலிக்குப் போகிறது என்றும் அந்தப் பெண் சொன்னார். தலை வீணாகவில்லை என்று கேட்டதில் அம்மாவுக்குப் பெரிய நிறைவு. இங்குள்ள சிறுவர்கள் மீன்தலைகளிலிருந்து நாக்கை வெட்டி விற்று, அந்தக் காசைத் தாங்களே வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. கைபேசியை விட்டு நிமிராத என் பிள்ளைகள் இதை மட்டும் நிமிர்ந்து கேட்டார்கள்.

தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் சிவப்பு நிற மரவீடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இன்று அவை சுற்றுலா விடுதிகள். கட்டப்பட்டதோ, பருவத்துக்கு மட்டும் வேறு கரைகளிலிருந்து வந்த மீனவர்கள் தங்குவதற்காக. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ஸ்தைன் என்ற அரசர் இத்தகைய குடில்களைக் கட்டுவித்தார் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் அம்மா, "அப்ப இது எங்கட வாடிதானே" என்றார். வாடைக் காற்று பிடித்து வடகரை கொந்தளிக்கத் தொடங்கியதும், அம்மப்பாவும் அவருடைய ஆட்களும் வலையையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு மன்னாரின் சிலாவத்துறைப் பக்கம் போய், தடியும் கிடுகும் கொண்டு வாடி போட்டுத் தங்கி, காற்று மாறிய பிறகுதான் ஊர் திரும்புவார்கள். அந்த மாதங்களில் வீட்டையும் கடைக் கடனையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் அம்மம்மா ஒருவரே பார்த்துக்கொண்டார். 1990 ஜூனில்தான் நாம் முதன்முதலாக ஊரை விட்டுப் புறப்பட்டதுபோல் நம் கூட்டங்களில் சிலர் பேசுவதுண்டு. கடற்றொழில் குடும்பம் ஆண்டுதோறும் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. 1990இல் போரினால் புதியதாக நடந்தது, பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் உட்பட ஊர் முழுவதும் ஒரேயடியாகப் புறப்பட்டதும், திரும்பும் மாதம் எது என்று யாராலும் சொல்ல முடியாமற்போனதும்தான். இராணுவத்தின் பிடியிலிருந்த நம் துறைமுகத்தைத் திரும்பப் பார்க்க 2017 ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஸ்வோல்வேர் துறைமுக வாயிலில், படகுகளை நோக்கிக் கையசைக்கும் மீனவப் பெண்ணின் சிலை ஒன்று இருக்கிறது. நல்ல சிலை. போகும்போது பின்னால் நின்று கைகாட்டுவது சரியில்லை, வரும்போது என்றால் பரவாயில்லை என்பது அம்மாவின் தீர்ப்பு.

நான் உண்மையில் எழுத வந்தது விலையைப் பற்றி. இறங்குதுறையில் படகுக்காரர் ஒருவருடன் பேசக் கிடைத்தது. வருமானத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். செலவு போக மீதியில் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்குக் கணக்கைச் சொன்னார். அதில் நமக்குப் புதியது எதுவும் இல்லை. ஆனால் இன்று விலை என்ன என்று கேட்டதும் அவர் கைபேசியை எடுத்து ஒரு பட்டியலைக் காட்டினார். மீனின் அளவும் தரமும் வாரியாகக் குறைந்தபட்ச விலை அதில் இருந்தது. அதை நிர்ணயிப்பது மீனவர்களுக்குச் சொந்தமான விற்பனைச் சங்கம். 1930களில் விலை வீழ்ந்து மீனவக் குடும்பங்கள் தத்தளித்தபோது போராடிப் பெற்ற ஏற்பாடு இது; 1938இல் சட்டமாகி, வடகரைக்கான சங்கமும் அதே ஆண்டில் உருவாயிற்று. அந்த விலைக்குக் கீழே எந்த முதலாளியும் படகிலிருந்து மீனை வாங்க முடியாது.

நம் கரையில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும். அவர் சொல்வதே விலை. எங்கள் வீட்டில் அப்பாவின் மூன்றரைத் தொன் படகு நிறைய மீனோடு வந்த நாள்களில்கூட, கடன் கணக்கில் கழித்தது போக என்ன கையில் வந்தது என்பது மாலையில் அம்மா வாங்கும் சாமானில் தெரிந்துவிடும். முற்பணம் கொடுத்தவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் அவர்கள்தான் கொடுத்தார்கள். ஆனால், லொபோத்தன் மீனவர் இன்று நல்ல வீட்டில் இருப்பதற்குக் கடலின் வளம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிட்டுத் திரும்பியிருந்தால், போய்வந்ததில் பாதிப் பயன் போயிருக்கும்.

மற்றப் பாதி, துரொல்பியோர்ட் என்ற இடுக்கமான கடற்கழியில் 1890 மார்ச்சில் நடந்த மோதல். கழிக்குள் மீன் திரண்டிருந்தபோது, நீராவிக் கப்பல் வைத்திருந்தவர்கள் வாயிலைப் பெருவலையால் அடைத்துக்கொண்டு, திறந்த படகுகளில் வந்தவர்களிடம் மீன்பிடிக்கக் காசு கேட்டார்கள். துடுப்பும் பாயும் மட்டுமே வைத்திருந்தவர்கள் எதிர்த்துத் தாக்கி உள்ளே நுழைந்தார்கள். அதன் விளைவாக, லொபோத்தனில் அத்தகைய பெருவலைகளைத் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவந்தது. இதைப் படித்தபோது பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டிலிருந்து இரவில் எல்லை தாண்டிவரும் இழுவைப்படகுகள் நினைவுக்கு வராமல் இருக்குமா? இலங்கையில் இழுவைமடியை, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலையை, தடைசெய்யும் சட்டத் திருத்தம் 2017 ஜூலையில், நம் துறைமுகம் விடுபட்ட அதே மாதத்தில், நிறைவேறியது. சட்டம் வந்த பின்னரும் ஊரில் உள்ள என் மச்சானின் வலை அறுபட்டுத்தான் போயிற்று. எதிரே வருபவர்களும் தமிழ் மீனவர்கள், அவர்களுடைய படகிலும் கூலிக்குப் போனவர்களே பெரும்பாலும் இருக்கிறார்கள் என்பதால் நாம் இதைப் பற்றித் தாழ்ந்த குரலிலேயே பேசிவருகிறோம். குரல் தாழ்ந்திருப்பதனால் கடலின் அடித்தரை பிழைத்துவிடாது என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

போக விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. கோடையில் போனால் மலையும் நடுநிசிச் சூரியனும் கிடைக்கும். தொழிலைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரி முடிவிலிருந்து ஏப்ரல் தொடக்கத்துக்குள் போக வேண்டும். காற்று பலமானால் கப்பல் நின்றுவிடும் என்பதால் திரும்பும் நாளை நெருக்கி வைக்காதீர்கள்.

கனடாவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. நியூபவுண்ட்லாந்தில் இதே கொட் மீன் அழிந்துபோய், 1992 ஜூலை 2ஆம் நாள் அரசு தொழிலையே நிறுத்தியபோது ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தார்கள். அந்தத் தடை 2024இல்தான் நீக்கப்பட்டது. மீன் சிறுத்துவருகிறது, குறைந்துவருகிறது என்று கரையோரச் சிறுபடகுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவந்தார்கள். ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் பிடி நன்றாக இருந்ததால் அவர்களுடைய பேச்சு எடுபடவில்லை. ரொறன்ரோவிலிருந்து யாராவது அந்தப் பக்கம் போனால், தொழில் நின்ற ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் எதைச் செய்து வாழ்ந்தன, பிள்ளைகள் மறுபடி படகேறினார்களா என்பதை அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்; அவரிடம் இன்னும் நிறையக் கேள்விகள் இருக்கின்றன.